இருவருக்கும் சேர்த்து ஒரு சிகிச்சை

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் பால்வினைத் தொற்றுக்கு இலவச மருந்து இருக்கிறது. சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. அப்படியிருந்தும் இளம் ஜோடிகள் பஸ் ஸ்டாண்ட் சுவரொட்டியையும் மெடிக்கல் ஷாப்பையும் நம்பிப் போவது ஏன்?

திருப்பதியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞனுக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சல் வருகிறது, உள்ளாடையில் சீழ் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அவன் போக வேண்டிய இடம், ரூயா அரசு மருத்துவமனையின் தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு. அவனுடைய காதலிக்கோ மனைவிக்கோ அடிவயிற்றில் வலியும் வெள்ளைப்படுதலும் இருந்தால், அவள் போக வேண்டியது அரசு மகப்பேறு மருத்துவமனைக்கு. இரண்டுமே ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியோடு இணைந்தவைதான். ஆனால் வரிசை வேறு, ஓ.பி. சீட்டு வேறு, பார்க்கிற டாக்டரும் வேறு. இருவர் உடம்பிலும் இருப்பது மட்டும் ஒரே கிருமி.

அவன் மட்டும் மருந்து சாப்பிட்டு ஒரு வாரத்தில் தேறிவிடுகிறான். அவளுக்குத் தொந்தரவு ஏதும் வெளியே தெரியவில்லை. அதனால் அவள் யாரிடமும் போகவில்லை. அடுத்த மாதமே அவனுக்கு அதே எரிச்சல். "மருந்து கேட்கல" என்று அவன் வேறு டாக்டரைத் தேடுகிறான். மருந்து ஒழுங்காகத்தான் வேலை செய்தது. பாதி நோயாளிக்கு மட்டும் கொடுத்ததுதான் கோளாறு.

பால்வினைத் தொற்றில் நோயாளி என்பவர் எப்போதும் ஒருவருக்கு மேல். நம் ஆஸ்பத்திரிகளும் விளம்பரங்களும் வீட்டுப் பேச்சும் ஒவ்வொரு முறையும் இருவரில் ஒருவரை மட்டும் பார்க்கின்றன. பாதுகாப்பான சிகிச்சை கை நழுவுவது அந்த இடத்தில்தான்.

ஊர் மாறிவிட்டது

திருப்பதியைக் கோயில் ஊராக மட்டும் நினைப்பவர்களுக்கு அதன் இன்றைய முகம் புதிது. 1954-இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும் 1983-இல் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் வந்தன. 2015-இல் ஐ.ஐ.டி.யும் ஐசரும் சேர்ந்துகொண்டன. சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை ஆயிரக்கணக்கான இளைஞர்களை ஷிப்ட் வேலைக்கு இழுத்து வந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது, பழைய சித்தூர் மாவட்டத்தின் ஹாஸ்டல்களிலும் வாடகை அறைகளிலும் இருபதுகளின் வயதுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள்.

நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கத்து இளைஞர்கள் பலருக்கு வீட்டுப் பேச்சு தமிழ், ஆஸ்பத்திரிப் பலகை தெலுங்கு. கடைக்காரரிடம் பேரம் பேசவும் பஸ்ஸில் சண்டை போடவும் அவர்களுக்குத் தெலுங்கு போதும். உடம்பின் மறைவிடத்தைப் பற்றி ஒரு டாக்டரிடம் சொல்ல எந்த மொழியிலும் அவர்களுக்குச் சொல் கைவசம் இல்லை. பள்ளியிலும் வீட்டிலும் அதை யாரும் கற்றுத் தரவில்லை.

உலகில் இந்தத் தொற்றுகள் எவ்வளவு சாதாரணம் என்பதற்கு ஒரு கணக்கு. 2020-இல் மட்டும் கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ், டிரைக்கோமோனியாசிஸ் என்ற நான்கும் சேர்ந்து 37.4 கோடிப் புதிய தொற்றுகளை உண்டாக்கின என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நாளொன்றுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். நான்குமே முழுதாகக் குணமாகக்கூடியவை.

ஆந்திரம் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டிய மாநிலம். 2021 மதிப்பீட்டின்படி வயது வந்தோரில் எச்.ஐ.வி. பாதிப்பு நாடு முழுதும் 0.21 சதவீதம், ஆந்திரத்தில் 0.67 சதவீதம். பிறப்புறுப்பில் புண்ணோ அழற்சியோ இருந்தால் எச்.ஐ.வி. உள்ளே நுழைவது எளிதாகிறது. ஆகவே சாதாரண வெட்டை நோயைச் சரியாகக் குணப்படுத்துவதும் எய்ட்ஸ் தடுப்பு வேலைதான்.

சுவரொட்டி வைத்தியமும் ஆர்.எம்.பி. ஊசியும்

ஆந்திர-தமிழ்நாட்டு எல்லையின் இரு பக்கமும் பஸ் ஸ்டாண்ட் சுவர்களில் அந்த நோட்டீஸ்களைப் பார்க்கலாம். ரகசிய நோய்கள் அனைத்தும் தீரும், மாதத்தில் இன்ன தேதி இன்ன லாட்ஜில் வைத்தியர் இருப்பார் என்று அச்சிட்டிருக்கும். பால்வினை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் அதை நேரடியாகத் தடை செய்கிறது. முதல் முறை தண்டனை ஆறு மாதம் வரை சிறை. சட்டத்துக்கு எழுபது வயதாகிவிட்டது. நோட்டீஸ்களில் பசை இன்னும் காயவில்லை.

கிராமப்புறத்தில் முதலில் கைகொடுப்பவர் ஆர்.எம்.பி. டாக்டர் என்று ஆந்திரத்தில் அழைக்கப்படுபவர். பெரும்பாலும் முறையான மருத்துவப் படிப்பு இல்லாதவர். ஆனால் அண்ணனைப் போலப் பேசுவார், கேள்வி கேட்க மாட்டார். அவர் போடும் ஊசி எது என்பது சீட்டில் இருக்காது. சிபிலிசுக்குப் போடும் பென்சாத்தின் பென்சிலின் அருமையான மருந்துதான். ஆனால் சிலருக்கு ஒவ்வாமையால் நிமிடங்களில் மூச்சு முட்டும். அவசர மருந்தும் ஆக்சிஜனும் பக்கத்தில் இருக்கிற இடத்தில்தான் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மெடிக்கல் ஷாப். தொடை இடுக்கில் அரிப்பு என்று சொன்னால் பளிச்சென்ற ட்யூப் ஒன்று கிடைக்கும். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இரண்டு நாள் சுகம். பிறகு படர்தாமரை உருமாறிப் பரவும். பூசுகிற ஸ்டீராய்டு மருந்துகளை 2018-இல் மத்திய அரசு டாக்டர் சீட்டு தேவைப்படும் பட்டியலில் சேர்த்ததற்கு இந்தச் சீரழிவுதான் காரணம். செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளுக்கு 2014 முதல் இன்னும் கடுமையான விதி உண்டு: கடைக்காரர் சீட்டைப் பார்த்து, நோயாளி, டாக்டர் பெயர்களைப் பதிவேட்டில் எழுதி, மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. கொனோரியா கிருமி ஒவ்வொரு மருந்தாகத் தோற்கடித்துக்கொண்டு வருகிறது. முன்பு பென்சிலின், பிறகு டெட்ராசைக்ளின், பிறகு சிப்ரோஃப்ளாக்சசின். மிச்சமிருக்கும் ஆயுதங்கள் மிகச் சில. கடையில் வாங்கி இரண்டு மாத்திரை விழுங்கி எரிச்சல் நின்றதும் நிறுத்துகிறவர், தன் உடம்பில் கிருமிக்குப் பயிற்சி கொடுக்கிறார். அந்தக் கிருமி அடுத்துப் போவது அவர் துணையிடம்.

ஏழு நிறப் பாக்கெட்டுகள்

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நாடு முழுவதும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பால்வினைத் தொற்றுக்கென்றே கிளினிக்குகளை நடத்துகிறது. அவற்றுக்குப் பெயர் 'சுரக்ஷா கிளினிக்'. சிகிச்சை, பரிசோதனை, ஆலோசனை, ஆணுறை எல்லாம் இலவசம். கல்யாணம் ஆனவரா என்பதற்குச் சான்று காட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இங்கே மருந்து நிறம் பிரித்த பாக்கெட்டுகளாக வரும். சீழ் வடிதலுக்குச் சாம்பல் நிறம். வெள்ளைப்படுதலுக்குப் பச்சை. பிறப்புறுப்புப் புண்ணுக்கு வெள்ளை. அதே புண், ஆனால் பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர் என்றால் நீலம். கொப்புளமாக வரும் ஹெர்பிசுக்குச் சிவப்பு. பெண்களின் அடிவயிற்று வலிக்கு மஞ்சள். தொடை இடுக்கில் நெறி கட்டினால் கறுப்பு. லேப் முடிவுக்குக் காத்திருக்காமல், அறிகுறியை வைத்து முதல் நாளே முழு மருந்தையும் கொடுத்துவிடும் முறை இது. இன்றைக்குப் போனவர் நாளைக்கு வரமாட்டார் என்ற அனுபவத்திலிருந்து பிறந்தது.

இந்த முறைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. அறிகுறியே இல்லாதவருக்கு எந்த நிறப் பாக்கெட்டைக் கொடுப்பது? கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு வெளியே எதுவும் தெரியாது. கிருமி சத்தமில்லாமல் மேலேறிக் கருக்குழாயைக் கெடுக்கும். சில வருடம் கழித்துக் குழந்தையில்லை என்று கருத்தரிப்பு மையத்துக்கு லட்சங்களைக் கொட்டும்போதுதான், இருபத்திரண்டு வயதில் தப்பவிட்ட சிகிச்சை நினைவுக்கு வரும். இன்னொரு பக்கம், எல்லா வெள்ளைப்படுதலும் பால்வினை நோய் கிடையாது. பூஞ்சையாலும், பெண்ணுறுப்பில் இயல்பாகவே வாழும் பாக்டீரியாக்களின் சமநிலை குலைவதாலும் அது வரும். அவளைச் சந்தேகப்பட அதில் ஒன்றுமே இல்லை.

ஆகவே ஓட்டையை அடைக்க வழி ஒன்றுதான்: அறிகுறி உள்ளவரோடு அறிகுறி இல்லாதவரும் போக வேண்டும். பாக்கெட்டோடு கவுன்சலர் சொல்லி அனுப்பும் முக்கியமான வாசகமும் அதுவே: துணையை அழைத்து வாருங்கள், மருந்து முடிந்து ஏழு நாள் ஆகும் வரை உறவு வேண்டாம். மருந்தை வாங்கிக்கொண்டு இந்த வாசகத்தை அங்கேயே விட்டுவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.

காட்பாடி ரயிலும் புள்ளிராஜாவும்

ஒருவரை மட்டும் பார்க்கும் பழக்கம் நேற்று வந்ததில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் மதராஸ் மாகாணத்தில் 'லாக் ஹாஸ்பிடல்'கள் இருந்தன. பட்டாளத்துக்காரர்களுக்கு மேகநோய் பரவுகிறது என்று, 1868-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பெண்களைப் பதிவு செய்து, கட்டாயமாகச் சோதித்து, அடைத்து வைத்தார்கள். அவர்களிடம் போன சிப்பாய்களைச் சோதிக்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. நோயும் குறையவில்லை. 1888-இல் சட்டத்தைக் கைவிட்டார்கள்.

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா ஓர் ஆய்வு செய்தார். பாலியல் தொழில் செய்த பெண்களின் ரத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து இரவு ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுபோய், வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருந்தது. இந்தியாவில் அந்தக் கிருமி இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது, சித்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் அந்த ஆய்வுக்கூடத்தில். அது துணிச்சலான, தேவையான ஆய்வு. ஆனால் செய்தி ஊருக்குள் வந்தபோது, விரல் அந்தப் பெண்களை நோக்கித்தான் நீண்டது. கிருமியை அவர்களுக்குக் கொடுத்த ஆண்கள் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று கேட்டவர் குறைவு.

2000-களின் தொடக்கத்தில் எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரமாகத் தமிழ்நாட்டுச் சுவர்களில் புள்ளிராஜாவும் ஆந்திரச் சுவர்களில் புலிராஜாவும் நின்றார்கள். அவனுக்கு எய்ட்ஸ் வருமா என்ற கேள்வி இரு மொழியிலும் பிரபலம். எல்லை ஊர்க்காரர்கள் இரண்டு ராஜாக்களையும் பார்த்தவர்கள். எவ்வளவோ பேரை ஆணுறை பக்கம் திருப்பிய விளம்பரம்தான். ஆனால் ராஜாவுக்கு வந்தால் ராணிக்கு என்ன ஆகும் என்று அந்தச் சுவர் கேட்டதில்லை.

இன்றைக்கும் கர்ப்பம் உறுதியானவுடன் பெண்ணுக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனை செய்கிறார்கள். சிபிலிசைக் கவனிக்காமல் விட்டால் குழந்தை இறந்தே பிறக்கலாம், தொற்றோடும் பிறக்கலாம். அந்தப் பரிசோதனை உயிர் காப்பது. ஆனால் கணவனுக்கும் அதே நாளில் பரிசோதனை செய்வது எத்தனை வீடுகளில் நடக்கிறது? அவளுக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டு அவனை விட்டுவிட்டால், பிரசவத்துக்கு முன்பே அவளுக்கு மறுபடி தொற்றலாம்.

"யாரால வந்துச்சு?"

முடிவு கையில் கிடைத்தவுடன் வீட்டில் எழும் முதல் கேள்வி இது. பல உறவுகள் இங்கேயே உடைகின்றன. பல பெண்கள் இங்கேயே அடி வாங்குகிறார்கள். மருத்துவம் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் தராது. கிளமிடியா மாதக்கணக்கில் மௌனமாக இருக்கும். சிபிலிஸ் முதல் புண் வலிக்காமல் தானே ஆறி, வருடக்கணக்கில் ரத்தத்தில் ஒளிந்திருக்கும். எச்.பி.வி.யால் வரும் மருவும் ஹெர்பிஸ் கொப்புளமும், தொற்றி நெடுங்காலம் கழித்து முதன்முறையாகத் தலைகாட்டலாம். முதலில் அறிகுறி தெரிந்தவர்தான் முதலில் வாங்கியவர் என்பது தப்புக் கணக்கு. இருவரில் ஒருவருக்கு முன்பே ஓர் உறவு இருந்திருக்கலாம். அது இந்த உறவுக்குச் செய்த துரோகம் ஆகாது.

கவுன்சலர் என்ற பதவி சுரக்ஷா கிளினிக்கில் இருப்பது இந்தச் சண்டையைக் கையாளத்தான். சொல்லத் தயங்குகிறவர் கவுன்சலர் முன்னால் வைத்தே துணையிடம் சொல்லலாம். மருந்தைப் பற்றிய பேச்சு முதலில், பழங்கதை பிறகு என்ற ஒழுங்கை மூன்றாம் ஆள் ஒருவர் இருந்தால்தான் காப்பாற்ற முடியும்.

சட்டம் யார் பக்கம்?

கல்யாணமாகாத ஜோடிக்கு இருக்கும் பெரிய பயம், டாக்டர் திட்டுவார், வீட்டுக்குச் சொல்லிவிடுவார் என்பது. தமிழர்களுக்கு இதில் மறக்க முடியாத ஒரு வழக்கு உண்டு. 2005-இல் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகையில், திருமணத்துக்கு முன் உறவு கொள்ளும் பெண்கள் கர்ப்பத்திலிருந்தும் பால்வினை நோயிலிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்தைச் சொன்னார். சுகாதார எச்சரிக்கை போன்ற அந்தப் பேச்சுக்கு அவர் மீது 23 புகார்கள், பெரும்பாலும் தமிழ்நாட்டில். 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. வயது வந்த இருவர் மனமொத்துச் சேர்ந்திருப்பது குற்றமாகாது என்பதும் அந்தத் தீர்ப்பில் தெளிவானது. 2018-இல் 377-ஆம் பிரிவு குறித்த தீர்ப்புக்குப் பிறகு ஒரே பாலின ஜோடிகளுக்கும் இதே நிலைதான்.

ரகசியம் காப்பது டாக்டரின் கடமை. மருத்துவ ஒழுங்குவிதிகள் அதைச் சொல்கின்றன. எச்.ஐ.வி. விஷயத்தில் 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் தனிச் சட்டம் இன்னும் கறாரானது. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது. முடிவை வெளியிடக் கூடாது. துணைக்கு ஆபத்து இருந்து, நோயாளி சொல்ல மறுத்தால், ஆலோசனை தந்து முன்கூட்டியே தெரிவித்த பிறகு டாக்டர் துணையிடம் சொல்லலாம். ஆனால் சொன்னால் ஒரு பெண்ணுக்கு அடி உதை விழும், கைவிடப்படுவாள் என்று அஞ்சக் காரணமிருந்தால் சொல்லக் கூடாது என்றும் அதே சட்டம் யோசித்து வைத்திருக்கிறது. இருவரின் நலனையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்த அரிய சட்டம் இது.

ஒரு விலக்கு உண்டு. இருவரில் ஒருவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்தப் பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது உடம்புக்கு ஆபத்து. நம்பிக்கையான பெரியவர் ஒருவரோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போவதே சரி.

போகும்போது கவனிக்க வேண்டியவை

• 'ஸ்கின் டாக்டர்' போர்டில் டி.வி.எல். என்று இருந்தால் அவர் பால்வினை நோய்க்கும் படித்தவர். செக்ஸாலஜிஸ்ட் என்று மட்டும் போட்டிருந்தால் மேற்கொண்டு விசாரியுங்கள்.

• எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணை அழையுங்கள். பெயர் சொல்லாமலே பேசலாம்.

• போவதற்கு முன் கைமருந்தோ க்ரீமோ போடாதீர்கள். புண்ணின் அடையாளம் மறைந்துவிடும். ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

• கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம், பென்சிலின் ஒவ்வாமை இரண்டையும் முதலிலேயே சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் போன்றவை கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

• பால்வினைத் தொற்று ஒன்று இருந்தாலே எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி பரிசோதனைகளை இருவரும் செய்துகொள்ளுங்கள்.

• எச்.ஐ.வி. ஆபத்துள்ள உறவு நேர்ந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

• ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவர்கள் போட்டுக்கொள்ளலாம். எச்.பி.வி. தடுப்பூசி ஆண்களுக்கும் உண்டு. 2023-இல் விற்பனைக்கு வந்த இந்தியத் தயாரிப்பான செர்வாவாக் 9 முதல் 26 வயது வரை இருபாலருக்கும் அனுமதிக்கப்பட்டது.

செலவில்லாத சீர்திருத்தம்

சித்தூர்க்காரர்கள் தெரிந்த முகம் பார்க்காமலிருக்க வேலூருக்குப் போகிறார்கள். பாதிச் சித்தூர் ஏற்கெனவே அங்கே காத்திருக்கும் வரிசையில் இருக்கும் என்பது வேறு விஷயம். ஊர் விட்டு ஊர் ஓடாமல் இருக்க ஆஸ்பத்திரிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. புதுக் கட்டடமோ இயந்திரமோ அதற்கு வேண்டாம். வாரத்தில் ஒரு மாலை, கல்லூரியும் ஷிப்டும் முடிந்த நேரத்தில், ஜோடிகளுக்கென்று ஒரு ஓ.பி. நடத்தலாம். தோல் டாக்டரும் மகப்பேறு டாக்டரும் ஒரே தாழ்வாரத்தில் இருக்கட்டும். தெலுங்கும் தமிழும் பேசும் கவுன்சலர் ஒருவர் இருக்கட்டும். பிறப்புறுப்பைச் சோதிக்கத் திரை போட்ட இடமும், பெயரை உரக்கக் கூப்பிடாத ஒரு நர்சும் இருந்தால் மீதி தானாக நடக்கும்.

ஜோடிகள் செய்ய வேண்டியதும் ஒன்றுதான். அறிகுறி ஒருவருக்கு வந்தாலும் தேதி இருவருக்கும் சேர்த்துக் குறிக்க வேண்டும். சிபிலிஸ் என்றால் 3, 6, 12-ஆம் மாதங்களில் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும், எச்.ஐ.வி. பரிசோதனையை மூன்றாம் மாதம் திரும்பச் செய்ய வேண்டும். அந்தத் தேதிகளிலும் இருவரும் வந்து, இருவர் முடிவும் சரியாக இருந்தால்தான் சிகிச்சை முடிந்ததாகக் கணக்கு.